நியான் நிறங்களுக்கு முதலில் வெளிச்சம் வாங்குங்கள்

அக்கா மகளின் பதினாறாவது பிறந்தநாளுக்காகவும் என் வீட்டு ஹாலுக்காகவும் சென்னைப் பாரிமுனையில் அலைந்து வாங்கிய நியான் சாமான்களைப் பற்றித்தான் இது. பெயின்ட், சார்ட், கூடை ஒயர், யூவி விளக்கு, எல்இடி நியான் என்று பல வகை. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்தாகிவிட்டது. அதனால் எது காசுக்குத் தகும், எதை வாங்க வேண்டாம் என்று நம்பிச் சொல்ல முடியும். நான் அம்பத்தூரில் இருக்கிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியை. நிறங்களோடுதான் நாள் முழுக்கப் பிழைப்பு.

நியான் என்றதுமே "ஐயோ, கண்ணைக் குத்தும், பஸ் ஸ்டாண்டு போஸ்டர் மாதிரி இருக்கும்" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த நிறங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. எந்த விளக்கின் கீழ் வைக்கிறோம், எவ்வளவு வைக்கிறோம், பக்கத்தில் என்ன இருக்கிறது, இவை மூன்றும் சரியாக இருந்தால் வேறு எந்த நிறமும் தராத ஒரு உயிர்ப்பை நியான் தரும். மூன்றிலும் விளக்குதான் முதல். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டு விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

காரணம் இதுதான். சாதாரண ஆரஞ்சு பெயின்ட், தன்மேல் விழும் வெளிச்சத்தில் இருக்கும் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கிவிடும். நியான் ஆரஞ்சு அப்படியில்லை. நீல ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா (யூவி) கதிரையும் உள்ளே வாங்கி, அதையும் ஆரஞ்சாக மாற்றி வெளியே விடும். விழுந்த ஆரஞ்சைவிடத் திரும்பி வருகிற ஆரஞ்சு அதிகம். தானே விளக்கு போட்டுக்கொண்டதுபோல் தெரிவது அதனால்தான். ஆனால் உள்ளே வாங்குவதற்கு நீலம் இருக்க வேண்டுமே? மஞ்சள் சாயலில் எரிகிற வார்ம் ஒயிட் பல்பில் நீலம் குறைவு. பழைய குண்டு பல்பில் இன்னும் குறைவு. பெட்டியில் கூல் டேலைட், 6500 கே என்று போட்டிருக்கும் வெள்ளை எல்இடியில் நீலம் தாராளமாக உண்டு.

எங்கள் ஹாலில் ஒரு பக்கம் வார்ம் ஒயிட், ஒரு பக்கம் டேலைட். ஒரே நியான் ஆரஞ்சு சார்ட்டை இரண்டாக வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டினேன். டேலைட் பக்கம் கனல் மாதிரி இருந்தது, வார்ம் பக்கம் வெறும் ஆரஞ்சு. வீட்டுக்காரரிடம் காட்டியபோது "ரெண்டும் ஒரே பேப்பரா?" என்று கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார். சாயங்கால வெளிச்சமும் நியானுக்கு ரொம்ப ஒத்துப்போகும். சூரியன் இறங்கிய பிறகு வானத்திலிருந்து வருவதில் நீலம்தான் அதிகம், மற்ற நிறங்கள் மங்கும்போது நியான் மட்டும் எடுப்பாக நிற்கும். மொட்டை மாடி விழா என்றால் ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள், அந்த அரை மணி நேரம் ஒரு விளக்கும் தேவைப்படாது.

சரி, கடைகள். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் பேப்பர், பார்ட்டி சாமான் கடைகள் நடக்கிற தூரம்தான். பேப்பருக்கு ஆண்டர்சன் தெரு. பலூன், தோரணம், பார்ட்டி சாமானுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. எல்இடி, அடாப்டருக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி, மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போகவேண்டும். காலை பதினொன்றுக்குள் போய்விட்டால் நின்று பேச நேரம் தருவார்கள், மதியத்துக்கு மேல் மொத்த வியாபாரிகள் கூட்டத்தில் நம் ஐந்து சார்ட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். நியான் என்பதைவிட "ரேடியம் கலர்" என்று கேட்டால் சட்டென்று எடுத்துப் போடுகிறார்கள். எதை எடுத்தாலும் "தம்பி, கொஞ்சம் வாசல் வெளிச்சத்துல காட்டுங்க" என்று கேட்டு வெளியே கொண்டுவந்து பாருங்கள். கடைக்குள் இருக்கிற டியூப்லைட் எல்லா நியானையும் நல்லதாகக் காட்டும்.

ஆன்லைனில் படம் பார்த்து வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நியானின் உண்மையான பிரகாசத்தை போன் திரையால் காட்டவே முடியாது, சாதாரண அச்சிலும் முடியாது. அந்த நிறம் திரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் படத்தில் தெரிவது விற்பவர் எடிட் செய்த ஏதோ ஒரு பிங்க்தான். சில படங்களில் உண்மையைவிட மங்கலாகவும் சிலவற்றில் சாதாரண பிங்க்கையே நியான்போலவும் காட்டியிருப்பார்கள். நாமே போட்டோ எடுக்கும்போதும் இதே தொல்லைதான், நியான் பிங்க் பூ ஒரு தட்டையான திட்டாக விழும். திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுத்தால் இதழின் மடிப்புகள் திரும்பி வரும்.

இனி ஒவ்வொன்றாக. பேப்பரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வெள்ளைச் சார்ட்டின் ஒரு முகத்தில் மட்டும் நிறம் பூசியது. இன்னொன்று கூழிலேயே சாயம் கலந்து வருகிற மெல்லிய ஏ4 தாள், ஜெராக்ஸ் கடைகளில் கலர் பேப்பர் என்று விற்பது. பூசிய சார்ட்டின் நிறம்தான் அதிக வலுவானது, சந்தேகமே இல்லை. சுவரில் ஒட்டும் எழுத்துகளுக்கும் பெரிய வட்டங்களுக்கும் அதை வாங்குங்கள். ஆனால் மடித்துப் பாருங்கள். மடித்த கோட்டில் மேல்பூச்சு வெடித்து, மயிரிழை அளவுக்கு வெள்ளை எட்டிப்பார்க்கும். காகித விசிறி, காகிதப் பூ, நட்சத்திரம் என்று மடிப்பு அதிகமான வேலைகளில் அந்த வெள்ளைக் கோடுகள் சேர்ந்து மொத்த நிறத்தையும் வெளுப்பாக்கிவிடும். அங்கே சாயத்தாள்தான் சரி, நிறம் ஒரு படி குறைவாக இருந்தாலும் மடிப்பு சுத்தமாக நிற்கும். தோரணத்துக்கும் அதுவே. காற்றில் திரும்பும்போது பின்பக்கம் வெள்ளையாகத் தெரியாது. வாங்குமுன் விரலை நனைத்து ஓரத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள், விரலில் பிங்க் ஒட்டினால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். வியர்த்த கையோடு குழந்தைகள் ஒட்டும் வேலைக்கு அது ஆகாது.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. ஆறு சின்ன பாட்டில் கொண்ட அக்ரிலிக் செட்தான் எல்லா ஸ்டேஷனரியிலும் கிடைப்பது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பிங்க், பச்சை, நீலம். முதல் ஐந்தும் அருமை. நீலம் மட்டும் பெயருக்குத்தான் நியான். நியான் நிறம் தன்னைவிட ஆற்றல் கூடிய ஒளியை வாங்கித்தான் வேலை செய்யும். மஞ்சளுக்கும் பிங்க்குக்கும் நீல ஒளி தீனியாகக் கிடைக்கும், நீலத்துக்குப் புற ஊதா மட்டும்தான் கிடைக்கும். அது வீட்டு எல்இடி வெளிச்சத்தில் கிட்டத்தட்ட இல்லை, பகல் வெளிச்சத்திலும் குறைவுதான். ஆகவே பகலிலும் சாதாரண விளக்கிலும் அது ஒரு நல்ல நீலம், அவ்வளவே. தனித்தனியாக வாங்க முடிந்தால் நீலத்தை விட்டுவிட்டு இன்னொரு ஆரஞ்சு வாங்குங்கள்.

நியான் பெயின்ட் மூடும் தன்மை இல்லாதது, கண்ணாடித் தாள் மாதிரி கீழே இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மண்பானையின் செம்மண் நிறத்தில் நேராக நியான் பச்சை பூசினால் ஏதோ பாசி படிந்ததுபோல் ஆகும். வெள்ளை இரண்டு கை, நன்றாகக் காய்ந்ததும் நியான் மூன்று மெல்லிய கை. தடிமனாக ஒரே கையில் முடிக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடாக நிற்கும். பழைய பிரஷ் வேண்டாம். வேறு நிறத்தின் ஒரு துளி, முக்கியமாகக் கறுப்பு, கலந்தாலே அந்த ஒளிர்வு செத்துவிடும். நியானோடு நியானைக் கலக்கலாம்: மஞ்சளும் பிங்க்கும் சேர்ந்தால் வருகிற பவழ ஆரஞ்சு எந்த செட்டிலும் தனியாகக் கிடைப்பதில்லை, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

காய்ந்த பிறகு மேற்பரப்பு சாக்பீஸ் பூசியதுபோல் பளபளப்பில்லாமல், சற்றே சொரசொரப்பாக இருக்கும். நகம் பட்டாலே கீறல் விழும். அதன் மேல் தெளிவான வார்னிஷ் ஒரு கை கட்டாயம். புற ஊதாவைத் தடுக்கும் வார்னிஷ் என்று தனியாக விற்கிறார்கள். அலமாரி, படச்சட்டம் போன்று வருடக்கணக்கில் இருக்கப்போகிற பொருளுக்கு அதைப் போடுங்கள். ஆனால் யூவி விளக்கின் கீழ் ஒளிரவேண்டிய பொருளுக்கு வேண்டாம், எந்தக் கதிர் வேண்டுமோ அதையே அது தடுக்கும். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கிய பெரிய பாட்டில் செட்டை மட்டும் வாங்கவேண்டாம் என்பேன். பெயரைச் சொல்லவில்லை, விலையில் பாதி என்று வந்தது. மேலே பாதி வெறும் தண்ணீர்ப் பசை, அடியில் நிறம் கட்டியாகப் படிந்திருந்தது. எவ்வளவு குலுக்கினாலும் நாலு கை பூசியும் வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது.

இந்தப் பெயின்ட்டை வீட்டில் எங்கே பூசுவது? ஒரு சுவர் முழுக்க அடிக்கிறவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படமாட்டேன். நாள் முழுக்க எதிரில் நிற்கும் நிறம் இது அல்ல, கண் அலுத்துவிடும். நான் சிபாரிசு செய்வது மறைவான இடம். வெள்ளைச் சுவரில் மாட்டும் படச்சட்டத்தை எடுத்து, அதன் பின்பக்க விளிம்பில் சுற்றிலும் நியான் ஆரஞ்சு பூசுங்கள். நான்கு மூலையிலும் சின்ன மரத்துண்டு ஒட்டி, சுவரிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி மாட்டுங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெயின்ட் எங்கும் தெரியாது. சட்டத்தைச் சுற்றி வெள்ளைச் சுவரில் இளம் ஆரஞ்சு ஒரு வட்டம்போல் படிந்திருக்கும், ஒயர் இல்லை, பல்பு இல்லை. ஜன்னல் திறந்தால் அது கொஞ்சம் கூடும், மேகம் மூடினால் குறையும். வந்தவர்கள் எல்லோரும் சட்டத்தின் பின்னால் கையை விட்டு லைட்டைத் தேடுகிறார்கள். எங்கள் ஹாலில் அம்மா அப்பா கல்யாணப் போட்டோ இப்போது அப்படித்தான் மாட்டியிருக்கிறது. சமையலறையில் திறந்த அலமாரித் தட்டுகளின் அடிப்பக்கத்திலும் இதேபோல் செய்தேன். கீழ்த்தட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களின் தோளில் பிங்க் மெலிதாக ஓடுகிறது. காலையில் காப்பி போடும்போது அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முக்காலியின் கால்களில் கீழே நாலு அங்குலம் மட்டும், பூந்தொட்டியின் வாயோரம், சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. இவ்வளவு போதும். பக்கத்தில் வெள்ளை, சாம்பல், மர நிறம், கடப்பா கல்லின் கறுப்பு இருந்தால் நியான் அழகாக உட்காரும். சிவப்புத் திரை, நீல சோபா, மஞ்சள் சுவர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிற அறையில் நியானையும் கொண்டுவந்தால் ஒன்றோடொன்று சண்டைதான்.

அப்புறம் கூடை ஒயர். தமிழ்நாட்டில் நியானை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தது எந்த டிசைனரும் இல்லை, ஒயர்க்கூடை பின்னும் பெண்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பச்சையும் ஆரஞ்சும் கறுப்போடு சேர்த்துப் பின்னும் அறிவு அவர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. என் அம்மா இப்போதும் பின்னுகிறாள். ரேடியம் பச்சையில் ஒயர் கட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "இந்தக் கலர்ல போட்டா மார்க்கெட்ல எங்க வச்சாலும் நம்ம கூடை தனியாத் தெரியும்டி" என்றாள்.

ஒயரைப் பொறுத்தவரை விலையைவிட வளைவைப் பாருங்கள். நல்ல ஒயர், விரலில் இறுக்கிச் சுற்றிவிட்டு எடுத்தால் மெதுவாக நேராகும். மட்டமானது மடிந்த இடத்தில் வெளுத்துக் கோடு விழுந்து அப்படியே நிற்கும், முடிச்சு இழுக்கும்போது அங்கேயே அறுந்தும் போகும். அம்மா எனக்காகப் பின்னியது கூடை இல்லை, பூந்தொட்டிகளுக்கு உறை. அடியில் கறுப்பு, மேலே மூன்று வரிசை நியான் பச்சை, நெல்லிக்காய் முடிச்சில். அந்த முடிச்சு உருண்டையாகப் புடைத்து நிற்பதால் ஒவ்வொன்றின் மேல்பக்கமும் வெளிச்சத்தை வாங்கும், கீழ்ப்பக்கம் நிழலாகும். தட்டையான பிஸ்கட் முடிச்சில் இது கிடைக்காது. கறுப்பு வரிசைகளுக்கு நடுவே பச்சை உருண்டைகள் ஒவ்வொன்றாக எரிவதுபோல் இருக்கும். சிவன்கண் முடிச்சில் நடுக்கண்ணை மட்டும் நியானில் வைத்து ஒரு தட்டும் பின்னிக் கொடுத்தாள். இந்தப் பட்டியலிலேயே காசுக்கு அதிக மதிப்பு தந்தது எது என்று கேட்டால் ஒயர்தான். தண்ணீர் பட்டாலும் கழுவலாம், உரியாது, உதிராது.

ஆனால் வெயில்? நியான் எதுவானாலும் வெயில் எதிரி. ஒளியை வாங்கி மாற்றிக்கொடுக்கும் அந்தச் சாய மூலக்கூறுகள் அதே வேலையில் சிதைந்தும் போகின்றன. மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டியிருந்த பிங்க் சார்ட் நட்சத்திரம் கோடைக்குள் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. திரைச்சீலை மூடியிருந்த ஒரு முனை மட்டும் வாங்கிய அன்றுபோலவே இருந்தது. ஒயர் இதைவிட நன்றாகத் தாங்குகிறது, இருந்தாலும் பால்கனிக் கம்பியில் வெயிலில் தொங்கவிடாதீர்கள். பார்ட்டி சாமானுக்கு இது கவலையில்லை, ஒரு நாள் வேலைதானே. வீட்டில் நிரந்தரமாக வைப்பதை நேர் வெயில் படாத சுவரில் வையுங்கள்.

பிறந்தநாள் அன்று மொட்டை மாடியில் உண்மையான நாயகன் யூவி விளக்குதான். பார்ட்டிக்கென்று விற்கும் எல்இடி யூவி விளக்குகளில் எண்ணைப் பாருங்கள்: 395 நானோமீட்டர் அல்லது 365. 395 மலிவு, கூடவே ஊதா வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியும், போட்டோவெல்லாம் ஊதாவாக விழும். 365 விலை கூட, அந்த ஊதா மிகக் குறைவு, இருட்டுக்குள் நியான் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும். விழாவுக்கு 395 தாராளமாகப் போதும், நடக்கிறவர்களுக்கு வழியும் தெரியும். ஒன்று பெரிதாக வாங்குவதைவிட இரண்டு சின்னதாக வாங்கி, அலங்காரத்துக்கு மூன்று நான்கு மீட்டருக்குள், தலைக்கு மேலே உயரத்தில், சுவரைப் பார்த்துக் கட்டுங்கள். தூரம் போகப்போக வேகமாக மங்கிவிடும். முகத்துக்கு நேராக வைக்கக்கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று குழந்தைகள் உற்றுப் பார்க்கும், அது கண்ணுக்கு நல்லதல்ல.

அந்த விளக்கின் கீழ் நாம் எதிர்பார்க்காததும் ஒளிரும். அத்தானின் வேட்டி நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. வாஷிங் பவுடரில் சேர்க்கும் வெளுப்பூட்டிகள் புற ஊதாவை நீலமாக மாற்றுவதால் அப்படி. பள்ளிப் பையில் இருந்த ஹைலைட்டர் பேனாவும் ஒளிரும், அதிலும் இதே குடும்பத்துச் சாயம்தான். டானிக் வாட்டரில் இருக்கும் குயினைன் 365 விளக்கின் கீழ் வெளிர் நீலமாக ஒளிரும், கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேஜையில் வரிசையாக வைத்தோம். பிள்ளைகள் யாரும் சாதாரண ஜூஸைத் தொடவில்லை, பிறகு கசக்கிறது என்று எல்லாவற்றையும் பெரியவர்களிடம் தள்ளிவிட்டார்கள். பள்ளியில் நான் காட்டுவது இன்னொன்று: சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். பச்சை கலந்த மஞ்சளாக அது ஒளிரும்போது வகுப்பு முழுக்க எழுந்து முன்னால் வந்துவிடும். சானிடைசர் தீப்பிடிக்கும் பொருள், மெழுகுவத்தி இருக்கிற கேக் மேஜைப் பக்கம் வேண்டாம்.

விழாவுக்கும் இந்த நிறங்களுக்கும் பழைய உறவும் உண்டு. 1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாப் ஸ்விட்சர், ஜோ ஸ்விட்சர் என்ற சகோதரர்கள் தங்கள் அப்பாவின் மருந்துக் கடையில் புற ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு எந்தெந்த மருந்து ஒளிர்கிறது என்று தேடினார்கள். ஜோவுக்கு மேஜிக் ஷோவில் ஆர்வம், முதலில் அந்த வண்ணங்கள் மேடை வித்தைக்குத்தான் பயன்பட்டன. பிறகு விளக்கே இல்லாமல் பகல் வெளிச்சத்திலேயே ஒளிரும் வண்ணங்களை உருவாக்கினார்கள், கிளீவ்லேண்டில் அவர்கள் நடத்திய நிறுவனம்தான் பின்னாளில் டே-குளோ என்று பெயர் பெற்றது. சாலைப் பணியாளரின் ஆரஞ்சுச் சட்டை வரைக்கும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

நியான் பலூன்களைப் பற்றிச் சுருக்கமாக: ஊதுவதற்கு முன் எல்லாமே நன்றாகத் தெரியும், முழுசாக ஊதினால் ரப்பர் மெலிந்து நிறம் பாதியாகும். முக்கால் அளவுக்கு ஊதி நிறுத்துங்கள், உருண்டையாகவும் இருக்கும். குளோ ஸ்டிக் என்ற உடைத்து ஒளிரவைக்கும் குச்சிகள் வேறு ஜாதி, அவற்றுக்கு விளக்கே வேண்டாம். உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடும் இன்னொரு ரசாயனமும் கலக்கும்போது வெளிச்சம் பிறக்கிறது. சென்னை வெக்கையில் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் மங்கிவிடும், உடைத்ததை ஃப்ரீசரில் வைத்தால் வேதிவினை மெதுவாகி அடுத்த நாளும் கொஞ்சம் மீதி இருக்கும். கைக்குழந்தைகள் இருக்கிற விழாவுக்கு நான் வாங்கமாட்டேன், கடித்து உடைத்துவிட்டால் வாயும் கண்ணும் எரியும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கைவேலை நியான் பவுடரையும் பெயின்ட்டையும் கேக்கிலோ குழந்தையின் கன்னத்திலோ போடாதீர்கள். பாட்டிலில் நச்சற்றது என்று எழுதியிருப்பது பேப்பரில் பூசுவதற்கான உறுதி, சாப்பிடுவதற்கானது அல்ல. கேக்குக்கு உணவு நிறம் என்றும் முகத்துக்கு முகவண்ணம் என்றும் தனியாக எழுதியதை மட்டும் வாங்குங்கள். ஒரு கேக் கடையில் ஃப்ரில் பார்டருக்கு நியான் தூள் தூவித் தருகிறேன் என்றார்கள், டப்பாவைக் காட்டச் சொன்னேன், அதில் உணவுக்கானது என்று எங்கேயும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே வெறும் வெள்ளை க்ரீமோடு வாங்கினோம். கேக் வைத்த தட்டைச் சுற்றி நியான் காகிதப் பூக்கள் இருந்தன, கேக் அழகாகவே தெரிந்தது.

கடைசியாக எல்இடி நியான். இது இதுவரை சொன்ன, ஒளியை மாற்றித் தருகிற ஃப்ளோரசன்ட் நிறமும் அல்ல, நிஜ நியானும் அல்ல. நிஜ நியான் என்பது கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயு, பல ஆயிரம் வோல்ட்டில் செம்மஞ்சளாக எரிவது. 1910இல் பாரிஸில் ஜார்ஜ் குளோட் அதைக் காட்சிக்கு வைத்தார். இன்று நாம் வாங்குவது சிலிகான் உறைக்குள் எல்இடி பட்டை, 12 வோல்ட், தொட்டாலும் பயமில்லை. பிறந்தநாளுக்கு "வாழ்த்துகள்" என்று தமிழில் எழுதித் தரும்படி ஆன்லைனில் ஒரு இடத்தில் கேட்டோம். வந்த மாதிரிப் படத்தில் புள்ளி ஒன்றுகூட இல்லை, "வாழததுகள" என்று இருந்தது. சின்னப் புள்ளிக்கு அந்த எல்இடி பட்டை வளையாது, இப்படியே படித்துக்கொள்வார்கள் என்றார்கள். தமிழுக்குப் புள்ளி வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை. ஆர்டரை ரத்து செய்துவிட்டு, ரிச்சி தெருவில் ரோல் வாங்கி நாங்களே செய்தோம். "வாங்க" என்று எழுதினோம், அதில் ஒரே ஒரு புள்ளிதான், வீட்டு வாசலுக்கும் பிற்பாடு பயன்படும்.

நீங்களும் செய்வதாக இருந்தால்: சாதாரண ரோல் பக்கவாட்டில் மட்டும்தான் வளையும், மேலும் கீழும் மடக்கினால் உள்ளே பற்றவைத்த சால்டர் விட்டுப்போகும். 'வ'வின் சுழியை ரொம்பச் சின்னதாக்காமல் எழுத்தையே பெரிதாக எழுதுங்கள். 'ங'வின் செங்கோணங்களுக்கு மூலையை உருட்டிவிடலாம், அல்லது துண்டு துண்டாக வெட்டி இணைக்கலாம். பட்டையின் மேலே கத்தரிக்கோல் குறி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டவேண்டும். குறி தவறி வெட்டினால் அந்தத் துண்டு எரியாது. முதலில் பேப்பரில் எழுத்தை உண்மை அளவில் வரைந்து, நூலை அதன்மேல் வைத்து நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் பலகையில் க்ளிப் வைத்துத் திருகுவதே பலம், பசை மட்டும் நம் வெயிலில் இளகிவிடுகிறது.

அடாப்டரில் கஞ்சத்தனம் கூடாது. ரோல் பெட்டியில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். 10 வாட் என்றால் 5 மீட்டருக்கு 50 வாட், அதை 12ஆல் வகுத்தால் 4 ஆம்பியருக்கு மேல் வருகிறது, ஆகவே 5 ஆம்பியர் அடாப்டர். கடையில் 2 ஆம்பியர் அடாப்டரை எடுத்துக் கையில் தந்து "இதுவே ஓடும் மேடம்" என்பார்கள். ஓடும்தான், ஆனால் சூடேறி, வெளிச்சம் நடுங்க ஆரம்பிக்கும். நாங்கள் 5 ஆம்பியர் கேட்டு வாங்கினோம், விழா முடியும்வரை கை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடுதான். கூடவே அடாப்டருக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சின்ன டிம்மரையும் வாங்குங்கள், நூறு நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். முழு வெளிச்சத்தில் எழுத்து ஊறிப்போய்ப் படிக்கவே வராது, கால்வாசி குறைத்தால் ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் தொந்தரவில்லை.